ஊசி போட்டு பீரியட்ஸ் நிண்டு கன காலம், இப்ப திரும்ப இரத்தம் படுது. வன்னியில இதுக்கு எங்க போறது?

கனகராயன்_கரை

வணக்கம் எல்லாருக்கும். நான் திருநம்பி, பெண்ணாப் பிறந்து ஆணா வாழுறவன், கிளிநொச்சிப் பக்கம், மேசன் வேலை. டெஸ்டோ (டெஸ்டோஸ்டிரோன்) எண்ட ஆண் ஹோர்மோன் ஊசி தொடங்கி ஒரு வருசத்துக்கு மேல, தாடி வந்திட்டுது, குரல் இறங்கீட்டுது, வேலைத்தளத்தில எல்லாரும் அண்ணை எண்டுதான் கூப்பிடுறவை, ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. பீரியட்ஸ் தொடக்கத்திலயே நிண்டிட்டுது. இப்ப கொஞ்ச நாளா இடைக்கிடை படுது, முந்தி மாதிரி ஊத்துறேல்ல, கபில நிறத்தில கறை மாதிரித்தான், ஆனா அதோட உள்ளுக்க எரிவு, ஒண்டுக்குப் போகேக்க சுள்ளெண்டு குத்துது.

ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனனான், எது எண்டு சொல்லேல்ல. பெண்நோய் பாக்கிற கைனி கிளினிக் வாங்கில பிள்ளைத்தாச்சியளுக்கு நடுவில இருந்தன், பக்கத்தில இருந்த அம்மா "மனிசி எங்க தம்பி, ஸ்கானுக்குப் போட்டாவோ" எண்டு அன்பாத்தான் கேட்டவா, நானும் ஓம் எண்டு தலையாட்டினன். பேந்து உள்ளுக்க இருந்து ஐசியில, அடையாள அட்டையில, கிடக்கிற பழைய பேரைச் சத்தமாக் கூப்பிட்டினம். திரும்பவும் கூப்பிட்டினம். நான் அந்தப் பேருக்கு எழும்பேல்ல. அடுத்த ஆளைக் கூப்பிட்ட உடன வாசலால வெளிக்கிட்டு பஸ் ஏறீட்டன்.

எனக்கு ரெண்டு விசயம் தெரியவேணும். இது பயப்படுற விசயமோ? அடுத்தது, மானம் போகாமல் இதை எங்க காட்டுறது? கொழும்புக்குப் போய்வர ஒரு கிழமைக் கூலி போயிடும்.

முத்தையன்கட்டுப்_பெடியன்

தம்பி, நானும் உன்னை மாதிரித்தான், ஊசி போட்டுக் கன வருசம். முதல் ஒரு விசயம் சொல்லுறன், இரத்தம் படுது எண்டு டோஸைக் கூட்டிப் போட்டிடாத. கனபேர் அதைத்தான் செய்யிறது. மிஞ்சிப் போற டெஸ்டோவில ஒரு பங்கை உடம்பு ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோனா மாத்தும், அப்ப இரத்தம் நிக்கிறதுக்குப் பதிலா கூடவும் கூடலாம்.

ஊசி பிந்தினதோ? எங்கட பக்கம் பார்மசியில மருந்து முடிஞ்சு போய், ஆராவது யாழ்ப்பாணத்தால கொண்டு வரும் வரைக்கும் இழுபட்டுப் போறது நடக்கிறது. அப்பிடிப் பிந்தினாலும் கறை படும். ஜிம் பெடியளிட்ட வாங்கிற மருந்தெண்டால் அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அதை விட்டிடு.

கனகராயன்_கரை

ஓம் அண்ணை, போன முறை சரியாப் பிந்தித்தான் போட்டது, மருந்து கிடைக்கேல்ல. ஆனா எரிவு அதுக்கு முதலே தொடங்கீட்டுது.

மிஸ்ஸி_வவுனியா

நான் கைனி வாட்டில வேலை செய்யிற தாதி. டொக்டர் இல்லை, ஆனா இந்த விசயத்தில எனக்குத் தெரிஞ்சதை வடிவாச் சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

டெஸ்டோஸ்டிரோன் போடப்போட பெண்ணுறுப்பின்ர உள் தோல் மெல்லிசாகி காய்ஞ்சு போகும். மாதவிடாய் நிண்ட வயசான அம்மாமாருக்கு வாற அதே மாற்றம்தான் உங்களுக்கு இருபது முப்பது வயசில வருது. உள்ளுக்க இருக்கிற நல்ல கிருமியள் குறையும், புளிப்புத் தன்மை மாறும், அதால எரியும், கடிக்கும், லேசா உரசினாலே கபில நிறத்தில படும், சலக்கிருமி சுகமா ஏறும். தம்பி சொல்லுற எரிவு எனக்கு அப்பிடித்தான் தெரியுது. ஆனா இரத்தம் படுறதை ஊகத்தில விடக்கூடாது. ஊசி பிந்தினதா இருக்கலாம், தோல் மெலிஞ்சதா இருக்கலாம், கர்ப்பப்பையில சதை வளர்ச்சி, பைப்ராய்ட் கட்டி, கிருமித் தொற்று, கர்ப்பப்பைக் கழுத்தில ஒரு மாற்றம், ஏன் கர்ப்பமாக்கூட இருக்கலாம். நிண்டுபோய் கன காலத்துக்குப் பிறகு திரும்பி வந்தால் ஒருக்கா பாக்கத்தான் வேணும்.

பாக்கிறது எண்டால் என்ன செய்வினம் எண்டும் சொல்லுறன், தெரியாமல் போறதாலதான் பாதிப் பயம். சலம் டெஸ்ட் பண்ணுவினம், அதில கிருமியும் கர்ப்பமும் பாக்கிறது வழமை, அதைக் கேட்டு மனம் நோகாதேங்கோ, கர்ப்பப்பை இருக்கிற எல்லாருக்கும் செய்யிறதுதான். இரத்தத்தில ஹீமோகுளோபின் பாப்பினம், ஊசி போடுற ஆக்களுக்கு அது குறையிறதை விட அளவுக்கு மிஞ்சிக் கூடுறதைத்தான் கவனிக்கவேணும், இரத்தம் தடிச்சுப் போகும். பிறகு ஸ்கான். ஸ்கான் உள்ளால செய்யவேணும் எண்டு கட்டாயம் இல்லை. தண்ணி நிறையக் குடிச்சு சலப்பை முட்டின பிறகு வயித்துக்கு மேலால செய்யலாம், படம் கொஞ்சம் தெளிவு குறையும், ஆனா முதல் பாக்கிறதுக்குப் போதும். "மேலால செய்யுங்கோ டொக்டர்" எண்டு நீங்கள் கேக்கலாம்.

உடன வரவேண்டிய ஆக்கள் ஆரெண்டால்: ஒரு மணித்தியாலத்தில ஒரு பாட் நனையிற அளவுக்குப் போறவை, ஒரு பக்கம் அடிவயிறு தாங்கேலாமல் குத்தி தலை சுத்துறவை, காய்ச்சலோட முதுகு நோகுறவை. இதுக்கெல்லாம் கிளினிக் நாள் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

விசுவமடு_77

தப்பா நினைக்காதேங்கோ, தெரியாமல் கேக்கிறன். ஆம்பிளையா மாறின பிறகு ஏன் பொம்பிளையளின்ர டொக்டரிட்டப் போகவேணும்? ஊசி போட்டால் உள்ளுக்க எல்லாம் செத்துப் போகாதோ?

மிஸ்ஸி_வவுனியா

கேட்டது நல்லது, எங்கட ஸ்டாஃப் ஆக்களே என்னட்டக் கேட்ட கேள்விதான் இது. ஊசியால கர்ப்பப்பை போகாது, சூலகம் போகாது. இரத்தம் நிக்கும், அவ்வளவுதான். ஒப்பரேசன் செய்து எடுக்கிற வரைக்கும் உறுப்பு அங்கதான் இருக்கு, இருக்கிற உறுப்புக்கு வாற வருத்தம் வரத்தான் செய்யும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் கனக்க எச்பிவி எண்ட வைரசால வாறது, அந்த வைரஸ் ஐசியில ஆணோ பெண்ணோ எண்டு பாத்து வாறேல்ல.

துணுக்காய்_அக்கா

நான் ஒரு திருநம்பியின்ர அக்கா. தம்பிக்கு ஊசி தொடங்கிக் கன வருசத்துக்குப் பிறகு பாப் டெஸ்ட், அதுதான் கர்ப்பப்பைக் கழுத்தில கலம் எடுத்துப் புற்றுநோய்க்குப் பாக்கிறது, செய்யக் கூட்டிக்கொண்டு போனனான். ரிப்போட்டில "போதிய கலங்கள் இல்லை, திரும்பச் செய்யவும்" எண்டு வந்தது. அவன் வீட்டில அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திட்டான், இன்னொருக்கா அந்தக் கட்டில்ல ஏறமாட்டன் எண்டு. பிறகு வேற ஒரு டொக்டர் சொல்லித்தான் தெரியும், டெஸ்டோ போடுறவைக்கு இப்பிடி வாறது மற்றவையை விடக் கூட, தோல் மெலிஞ்சு கிடக்கிறதால கலம் சரியா ஒட்டி வராது. லாபுக்குப் போற துண்டில "டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார், மாதவிடாய் இல்லை" எண்டு எழுதியிருக்கவேணும், முதல் தரம் ஒருத்தரும் எழுதேல்ல.

ரெண்டாம் தரம் அந்த டொக்டர் அம்மா ஒண்டு ரெண்டு கிழமைக்கு முதலே ஈஸ்ட்ரஜன் கிரீம் தந்தவா. தம்பி அதைக் கையாலயும் தொடமாட்டன் எண்டு நிண்டான், தாடி போயிடும் குரல் திரும்பிடும் எண்டு. அவா அவனை இருத்தி வைச்சுச் சொன்னவா, இது உள்ளுக்க பூசிற இடத்தில மட்டும் வேலை செய்யிற சின்ன அளவு, இரத்தத்தில ஏறுறது மிச்சம் குறைவு, தாடிக்கும் குரலுக்கும் ஒண்டும் செய்யாது. உள்ளுக்க விரிச்சுப் பாக்க அவா எடுத்துக் காட்டின ஸ்பெக்குலம் எண்ட கருவி எங்கட சுண்டுவிரலை விடக் கொஞ்சம்தான் பெரிசு. வழமையா பிள்ளை பெத்த ஆக்களுக்குப் பாவிக்கிறதை எடுக்காமல் அலுமாரியால தேடி எடுத்தவா, இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, ஜெல் கொஞ்சம் பூசி, "நீங்களே மெல்ல வைக்கிறீங்களோ, நான் வைக்கவோ" எண்டு தம்பியிட்டக் கேட்டவா. அவன் தானே வைச்சவன். நான் அவனின்ர தலைமாட்டில நிண்டு போனில பாட்டுப் போட்டன். அஞ்சு நிமிசம்கூட இல்லை.

கனகராயன்_கரை

அக்கா, அந்த டொக்டர் எங்க இருக்கிறா எண்டு இன்பொக்ஸில சொல்லேலுமோ?

துணுக்காய்_அக்கா

அனுப்பீட்டன் தம்பி. அவா மாறிப் போகவும் கூடும், அரசாங்க ஆக்கள் தானே, போக முதல் கேட்டுக்கொண்டு போங்கோ.

பனங்காமம்

எனக்கொரு ஐடியா இருக்கு, கோவிக்காதேங்கோ. அந்த ஒரு நாளைக்கு மட்டும் முகத்தைச் சவரம் செய்து, சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனால் பிரச்சினை முடிஞ்சுதே. நான் அப்பிடித்தான் செய்தனான், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல.

முத்தையன்கட்டுப்_பெடியன்

உனக்கு ஏலுமெண்டால் செய், உன்ர உடம்பு. ஆனா ஒண்டு கேக்கிறன், டெஸ்டோ போடுறனெண்டு டொக்டரிட்டச் சொன்னனியோ? சொல்லியிருக்கமாட்டாய். அப்ப அவர் உன்ர மெலிஞ்ச தோலைப் பாத்திட்டு என்ன நினைச்சிருப்பார், என்ன மருந்து எழுதியிருப்பார்? மருந்தை மறைச்சுப் போறது சரியான ஆபத்து. உடுப்பு மாத்திறதைப் பற்றி எனக்குக் கதை இல்லை, மருந்தைச் சொல்லாமல் விடுறதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

பனங்காமம்

சொல்லேல்லத்தான். பங்கசுக்கு வைக்கிற குளிசை தந்தவை, கடி நிக்கேல்ல.

மிஸ்ஸி_வவுனியா

பங்கஸ் எண்டால் தயிர் மாதிரி வெள்ளையாத் திரைஞ்சு வரும், கடி தாங்கேலாது. சாம்பல் நிறத்தில தண்ணியா வந்து மீன் மணம் மணந்தால் அது வேற கிருமி, மருந்தும் வேற. காய்ஞ்சு எரியிறதெண்டால் ரெண்டு மருந்தும் வேலை செய்யாது. மூண்டும் பாக்க ஒரே மாதிரித் தெரியும், அதாலதான் பார்மசியில கேட்டு வாங்கிப் பூசாதேங்கோ எண்டு தலைபாடாச் சொல்லுறது.

இனி கிளினிக் விசயம். தம்பிமார் இதைக் கொப்பி பண்ணி வைச்சிருங்கோ. ஒரு வெள்ளைத் துண்டில எழுதி, பதியிற இடத்தில வாயால ஒண்டும் சொல்லாமல் நீட்டுங்கோ:

"நான் திருநம்பி. எனக்குக் கர்ப்பப்பை இருக்கு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி இத்தினை மாசமாப் போடுறன், கடைசியாப் போட்டது இன்ன திகதி. இரத்தம் படுறதைக் காட்ட வந்தனான். தயவுசெய்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் நம்பரால கூப்பிடுங்கோ."

இதைப் பாத்திட்டு நம்பரால கூப்பிடாத மிஸ்ஸியள் குறைவு எண்டுதான் நான் நம்புறன். எங்களுக்கு ஆருக்கும் மனிசரை அவமானப்படுத்த ஆசை இல்லை, ஆனா சனம் குவிஞ்சு கிடக்கிற கிளினிக்கில துண்டில இருக்கிறதை வாசிச்சுக்கொண்டு போறதுதான் வேலை எண்டாகீட்டுது. முன்னுக்கே தெரிஞ்சால் நடக்கிற விதம் வேற. கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சோதிக்கேக்க ஒரு பெண் ஸ்டாஃப் கூட நிக்கவேணும் எண்டு கேக்கலாம், நிப்பாட்டுங்கோ எண்டு எந்த நேரமும் சொல்லலாம், சொன்னால் நிப்பாட்டத்தான் வேணும். டொக்டருக்குப் படிச்சுப் பழகுற பெடியள் கூட்டமா வந்து பாக்கிறது விருப்பமில்லை எண்டால் அதையும் சொல்லலாம்.

இன்னொரு வழி, மாவட்ட ஆஸ்பத்திரியளில இருக்கிற, பாலியல் நோய் பாக்கிற எஸ்டிடி கிளினிக். பேரைக் கேட்டு ஓடாதேங்கோ. அங்க இரகசியம் காக்கிறது வேலையின்ர ஒரு பகுதி, காசும் இல்லை, எங்கட சமூகத்து ஆக்களைக் கண்டு பழகினவை. அங்க தொடங்கி, அவையின்ர கடிதத்தோட விஓஜியிட்ட, அதுதான் பெண்நோய் நிபுணரிட்ட, போனால் நடு வாங்கில இருந்து விளக்கம் சொல்லத் தேவையில்லை.

டொரன்டோ_வன்னியான்

நான் நெடுங்கேணியில பிறந்தனான், இப்ப கனடா. இங்க சில மாகாணங்களில தாங்களே பஞ்சுக் குச்சியால எடுத்து அனுப்புற எச்பிவி டெஸ்ட் இருக்கு, கட்டில்ல ஏறத் தேவையே இல்லை. அங்கயும் அப்பிடி ஒண்டு கேட்டுப் பாக்கலாமே?

மிஸ்ஸி_வவுனியா

எச்பிவி டெஸ்ட் எங்கட நாட்டிலயும் வந்துகொண்டுதான் இருக்கு அண்ணா, டொக்டரிட்டக் கேட்டுப் பாக்கிறதில பிழை இல்லை. டெஸ்டோ போடுறவைக்கு அது பாப்பை விடச் சுகம், கலம் போதாது எண்டு திரும்பி வாற பிரச்சினை குறைவு.

ஆனா எனக்கிருக்கிற கவலை வேற. இங்க எம்ஓஎச் எண்ட சுகாதார ஒபிசுகளில நடக்கிற, பெண்களைச் சோதிக்கிற வெல் வுமன் கிளினிக்குக்கு 35 வயசிலயும் 45 வயசிலயும் கூப்பிடுறது குடும்பநல மாது. அவாவின்ர கொப்பியில பேர் இருந்தால்தான் கூப்பிடுவா. 2016ல இருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கு, மனநல வைத்திய நிபுணர் தாறது, அதை வைச்சுப் பிறப்புச் சான்றிதழ் மாத்தலாம், பிறகு ஐசி மாத்தலாம். நல்ல விசயம். ஆனா ஆண் எண்டு மாறின உடன அந்தக் கொப்பியில இருந்து நீங்கள் காணாமல் போயிடுவீங்கள். ஒருத்தரும் உங்களைத் தேடி வரமாட்டினம். உங்கட 35ஐ நீங்களேதான் ஞாபகம் வைச்சிருக்கவேணும்.

பாடசாலையில ஆறாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு எச்பிவி ஊசி போடத் தொடங்கினது 2017ல. இதை வாசிக்கிற பதினெட்டு வயசுக்காரர் ஆராவது போட்டிருந்தால் நல்லது, ஆனா போட்டாலும் பிற்காலத்தில டெஸ்ட் செய்யத்தான் வேணும்.

ஏ9_பயணி

நான் இதுவரைக்கும் ஒருத்தரோடயும் படுத்ததே இல்லை. எனக்கும் பாப் வேணுமோ? இதைக் கேக்கிறதுக்கே வெக்கமாக் கிடக்கு.

மிஸ்ஸி_வவுனியா

தொடர்பே இல்லாட்டி உங்களுக்கு ஆபத்து மிச்சம் குறைவு, டொக்டரும் வழமையா அவசரப்படுத்தமாட்டார். ஆனா ஆணோடயோ பெண்ணோடயோ, கையாலயோ பொருளாலயோ எந்த விதமா எண்டாலும் தொடர்பு இருந்தால் எச்பிவி வரலாம், "நான் பெண்ணோடதான்" எண்டு விட்டிடக்கூடாது. வெக்கப்பட ஒண்டும் இல்லை தம்பி.

பனங்காமம்

சுத்தம் பற்றி ஆராவது சொல்லுங்கோ. வெயில், வேர்வை, மேல ஒரு இறுக்கம், கீழ ஒரு இறுக்கம். எங்கட வளவுக் கிணறு வேலியோரம், தெருவில போறவைக்கு எல்லாம் தெரியும், நான் இருட்டின பிறகுதான் குளிக்கிறது, அதுவும் சாரத்தோட. வடிவாக் கழுவக்கூட ஏலாது. கடி வந்த உடன டெட்டோல் தண்ணியில கழுவிப் பாத்தன், கூடீட்டுது.

முத்தையன்கட்டுப்_பெடியன்

டெட்டோலை அங்க கொண்டு போகவே கூடாதடா தம்பி. வேப்பிலை அவிச்ச தண்ணி, உப்புத் தண்ணி, கடையில விக்கிற வாசனைக் கழுவி, பவுடர், ஒண்டும் வேண்டாம். உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் பண்ணும், அங்க சவர்க்காரம் படவே கூடாது. வெளிப்பக்கம் வெறும் தண்ணி போதும், மனம் கேக்காட்டி மணமில்லாத மெல்லிய சவர்க்காரம் கொஞ்சம். முன்னால இருந்து பின்னுக்குக் கழுவு. ஊசிக்குப் பிறகு முன்பக்க உறுப்பு வளரும் தானே, அதை மூடியிருக்கிற தோலுக்குக் கீழ வெள்ளையா அழுக்குச் சேரும், அதை மெல்ல விலக்கித் தண்ணி விட்டுக் கழுவவேணும், இது ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தாறேல்ல. தகப்பன்மார் பெடியளுக்குச் சொல்லிக் குடுப்பினம், எங்களுக்கு ஆர் இருக்கினம்? பிறகு ஒத்தித் துடைச்சுக் காயவிடு, ஈரச் சாரத்தோட திரியாத.

குளிப்புக்கு நான் செய்தது, கிணத்தடியில நாலு கம்பு நட்டுத் தகரம் அடிச்சு ஒரு மறைப்புக் கட்டினது. நீ மேசன்மாரோட பழக்கம் எண்டால் பழைய தகரம் சும்மாவே கிடைக்கும். அம்மாவும் இப்ப அதுக்குள்ளதான் குளிக்கிறா.

மயிரை மழிக்காத, கத்தரிக்கோலால குறை. மழிச்சால் வெயிலுக்கு அங்க கொப்புளம் போடும். ஜட்டி பருத்தி. கழிசானுக்குள்ள ஆணுறுப்பு மாதிரி வைக்கிற பாக்கர் பாவிக்கிறனி எண்டால் ஒவ்வொரு நாளும் கழட்டிக் கழுவிக் காய வை, தோலோட தோல் படாமல் சின்னப் பை மாதிரித் துணி தைச்சு அதுக்குள்ள வை.

பனங்காமம்

மேல நான் கட்டுறது பாண்டேஜ் துணி அண்ணை.

மிஸ்ஸி_வவுனியா

அதைத் தயவுசெய்து விடுங்கோ. பாண்டேஜ் துணி மூச்சு விடவிட இறுகிக்கொண்டு போற சாமான், விலா எலும்பைப் பதம் பாக்கும். மார்பைத் தட்டையாக்கிற பைண்டர் உடுப்புக் கிடைக்காட்டி இறுக்கமான ஸ்போட்ஸ் உடுப்பு ஒண்டு போட்டு மேல தளர்வாச் சேட்டைப் போடுங்கோ. எதெண்டாலும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், படுக்கேக்க கட்டாயம் கழட்டவேணும், பாரம் தூக்குற வேலைக்குப் போடாமல் விட்டால் மிச்சம் நல்லது. மார்புக்குக் கீழ வட்டமாச் சிவந்து கடிச்சால் அது வேர்வைப் பங்கஸ், காட்டி கிரீம் வாங்குங்கோ.

இன்னொண்டு, கனகராயன் தம்பியிட்டக் கேக்கவேணும். வேலைத்தளத்தில ஒண்டுக்கு எங்க போறனீங்கள்?

கனகராயன்_கரை

போறேல்ல. விடியக் காலமை வீட்டில போனால் பின்னேரம் வந்துதான். மற்றவை வேலியோரம் நிண்டு போவினம், நான் என்னெண்டு? அதுக்காகவே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிட்டன்.

மிஸ்ஸி_வவுனியா

அந்தக் குத்தலுக்கு ஒரு காரணம் அங்கதான் கிடக்கு. சலத்தை அடக்கினால் கிருமி உள்ளுக்கயே பெருகும், தண்ணி குடிக்காட்டி அதைக் கழுவி விடவும் வழி இல்லை. இதில எனக்குச் சரியான கவலை, ஏனெண்டால் வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் கன குடும்பத்தில இருக்கு, கமத்திலயும் வெயிலிலயும் வேலை செய்யிற ஆம்பிளையள்தான் கூட. இந்த வெயிலுக்கு நீங்கள் தண்ணி குடிக்காமல் கல்லுத் தூக்கினால் கிட்னிக்கு நல்லதில்லை. பொய் சொன்னாலும் பரவாயில்லை, "வயித்துக் குழப்பம்" எண்டு சொல்லிப்போட்டு பக்கத்து வீட்டு டொய்லெட்டைக் கேளுங்கோ.

துணுக்காய்_அக்கா

தம்பி பாவிக்கிற ஒரு சாமான் சொல்லுறன். நிண்டுகொண்டே போறதுக்கு சிலிக்கோன் புனல் மாதிரி ஒண்டு இணையத்தில விக்குது. முதல் வீட்டில குளிக்கேக்க பழகவேணும், அவசரப்பட்டால் கழிசான் நனையும். பாவிச்ச உடன கழுவிப் பையில போடுறவன். அது வந்த பிறகு அவன் வேலைக்குப் போத்தில் தண்ணி கொண்டு போறான்.

ஏ9_பயணி

பாட் எங்க எறியிறது? ஆம்பிளையளின்ர டொய்லெட்டில வாளி இல்லை.

முத்தையன்கட்டுப்_பெடியன்

கறுத்த உறை ரெண்டு பொக்கெட்டில வைச்சிரு, சுத்தி வீட்டுக்குக் கொண்டு வா. பிரிக்கிற சத்தம் கேக்குமெண்டு பயம் எண்டால் முதலே பிரிச்சு ஜட்டியில ஒட்டிக்கொண்டு போ. கறை கொஞ்சம்தான் எண்டால் துவைச்சுப் பாவிக்கிற பீரியட் ஜட்டி போதும், கறுப்பில இருக்கு, கொடியில காயப்போட்டாலும் ஒருத்தருக்கும் விளங்காது.

விசுவமடு_77

ஒரே அடியாக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இவ்வளவு கரைச்சலும் இல்லையே?

மிஸ்ஸி_வவுனியா

விரும்பி எடுக்கிறவைக்கு அது நல்ல முடிவுதான், ஆனா கிளினிக் பயத்தில எடுக்கிறதை நான் ஆதரிக்கமாட்டன். பெரிய ஒப்பரேசன் அது. எடுத்தாலும் கழுத்துப் பகுதியை விட்டு எடுத்தவையோ சேத்து எடுத்தவையோ எண்டு கட்டாயம் கேட்டு வைச்சிருங்கோ, விட்டிருந்தால் டெஸ்ட் தொடரவேணும். சூலகம் ரெண்டையும் எடுத்தால் பிறகு ஊசியை இடையில விடவே கூடாது, எலும்பு தேயும். மருந்து தட்டுப்பாடு வாற எங்கட ஊரில இதையும் யோசிக்கவேணும்.

ஏ9_பயணி

இன்னொண்டு. எனக்கில்லை, எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியனுக்கு. அவன் ஊசி போடுறான், துணை ஒரு ஆண். பீரியட்ஸ் இல்லாதபடியா பயமில்லை எண்டு இருக்கிறான்.

மிஸ்ஸி_வவுனியா

அவனுக்கு இண்டைக்கே சொல்லுங்கோ. டெஸ்டோ கருத்தடை இல்லை. இரத்தம் வராமலே முட்டை வெளிவரும், கரு தங்கலாம், தங்கினால் அந்த மருந்து பிள்ளையைப் பாதிக்கும். கொண்டம், லூப், கையில வைக்கிற குச்சி, டிப்போ ஊசி, இதெல்லாம் ஈஸ்ட்ரஜன் இல்லாத முறையள், டெஸ்டோவோட சேத்துப் பாவிக்கலாம். டிப்போ போட்ட தொடக்கத்தில இடைக்கிடை கறை படலாம், நாள் போகப்போகக் கனபேருக்கு இரத்தம் படுறது குறையும். தவறிப் போச்செண்டால் 72 மணித்தியாலத்துக்குள்ள பார்மசியில போஸ்டினோர் எண்ட அவசரக் கருத்தடைக் குளிசை, எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது.

கனகராயன்_கரை

எல்லாருக்கும் நன்றி. போயிட்டு வந்திட்டன். துணுக்காய் அக்காவே கூட வந்தவா. மிஸ்ஸி எழுதித் தந்த துண்டை அப்பிடியே எழுதிக் குடுத்தன், பதியிற இடத்தில இருந்த பிள்ளை வாசிச்சிட்டு என்னை நிமிர்ந்து பாத்துது, எனக்கு நெஞ்சு அடிச்சுது, பேந்து "வெளியில மாமரத்துக்குக் கீழ இருங்கோ அண்ணா, நான் நம்பரைக் கூப்பிடுறன்" எண்டுது. உள்ளுக்க டொக்டர் கதவைச் சாத்திப்போட்டுக் கேட்ட முதல் கேள்வி, "உங்களை நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிட?" சொன்னன். அந்தப் பேரைக் கொப்பியில பென்சிலால மேல எழுதினவா.

ஸ்கான் மேலாலதான், ஒரு போத்தில் தண்ணி குடிச்சு முட்டி முட்டிக்கொண்டு இருந்தன், கர்ப்பப்பை, சூலகம் ரெண்டும் பிரச்சினை இல்லையாம். சலத்தில கிருமி இருக்கு, குளிசை தந்தவை. மற்றது மிஸ்ஸி சொன்னதுதான், தோல் காய்ஞ்சு மெலிஞ்சிருக்கு, ஊசி பிந்தினதும் சேந்திருக்கு. கிரீம் தந்திருக்கிறா. ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடவாம், ஊசி அளவை எண்டோகிரைன் டொக்டரிட்ட, அதுதான் ஹோர்மோன் பாக்கிறவரிட்ட, கதைக்கச் சொல்லி கடிதம் ஒண்டும் இருக்கு. பாப் பேந்து, கிரீம் பூசி முடிய, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிறகு வரச் சொன்னவா.

பனங்காமம்

கிரீம் பூசேக்க எரியுதோ? தேங்காயெண்ணெய் பூசினால் காணாதோ?

மிஸ்ஸி_வவுனியா

முதல் ரெண்டு மூண்டு நாள் லேசா எரியலாம், பிறகு நிக்கும், நிக்காட்டி கேளுங்கோ. தேங்காயெண்ணெய் வெளிப்பக்கம் காய்ஞ்சு கிடக்கிறதுக்குப் பரவாயில்லை, ஆனா உள்ளுக்க வேண்டாம், கொண்டம் பாவிக்கிறவை தொடவே வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். பனங்காமம் தம்பி, நீங்களும் டெஸ்டோவைச் சொல்லி ஒருக்காத் திரும்பக் காட்டவேணும். எப்ப போறீங்கள்?

பனங்காமம்

துணைக்கு ஆரும் இல்லை மிஸ்ஸி. வீட்டில சொல்லேலாது.

கனகராயன்_கரை

பனங்காமம், நீங்கள் மல்லாவிப் பக்கம் தானே. செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை, மோட்டசைக்கிளில வந்து ஏத்துறன். துண்டை எழுதி வையுங்கோ, ஊசி போட்ட திகதியைக் கட்டாயம் போடுங்கோ. நம்பரை இன்பொக்ஸில போட்டிருக்கிறன்.